ஆற்றுக்குள் இருந்த வீடு

அந்த அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. வாசலில் நிற்கும் காவலாளி தொடங்கி மாடியில் இருக்கும் ஆணையர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'மாகாணம்'தான். "மாகாணம் டீ குடிக்கப் போயிருக்கு", "மாகாணத்துக்கு ரெண்டு நாளா சளி", "மாகாணத்தைக் கொஞ்சம் நகரச் சொல்லுப்பா, பீரோவைத் திறக்கணும்" என்று தினமும் காதில் விழும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் திருதிருவென்று விழிப்பார்கள். பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடத்தில், மாகாணம் முழுவதையும் சுண்ணாம்பிலும் காகிதக் கூழிலும் செய்து தரையில் கிடத்தியிருக்கிறார்கள். ஒரு ஓரம் மலை, மறு ஓரம் நெடுகக் கடல், நடுவில் வயல், ஆறு, சாலை, கடுகளவில் வீடுகள். எந்தக் காலத்திலோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து செய்தது. உள்ளபடி செய்தால் மலையெல்லாம் விரல் உயரம்கூட வராது, பெரிய மனிதர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்று அவர் மலைகளை மட்டும் முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். மாகாணத்தை அவ்வளவு தாராளமாக உயர்த்தியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதைத் தூசி தட்டுவதும், விரிசல் விட்டால் பூசுவதும், பார்க்க வருகிறவர்களுக்குக் குச்சியால் காட்டி விளக்குவதும்தான் நம்மவரின் வேலை. வேலை கிடைத்த கதையே ஒரு கதை. அவருக்கு முன்னால் இருந்தவருக்குக் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. நடுப்பகுதியைத் துடைக்க வேண்டுமென்றால் மலைக்கும் கடலுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். ஒருநாள் பலகை மளுக்கென்று முறிந்து, மனிதர் மூன்று மாவட்டங்களின் மேல் விழுந்துவிட்டார். எழுந்து பார்த்தால் இரண்டு மலையையும் ஒரு ஏரியையும் காணோம். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு ஒரே தகுதிதான் பார்த்தார்கள்: ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும். நம்மவர் அப்போது காற்றடித்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள். நேர்காணலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். இறங்கும்போதே வேலை உறுதி.

அன்றிலிருந்து அவர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டதில்லை. மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்து ரவிக்கையும் சட்டையும் தைக்கிறவர். அளவெடுக்கிற கண். கணவர் இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டினால் இடுப்பை ஒரு பார்வை பார்ப்பார். "போதும், எழுந்திருங்க. மாகாணம் தாங்காது" என்பார். எழுந்துவிடுவார், பாவம்.

வேலையில் அவர் கெட்டி, சும்மா சொல்லக் கூடாது. மிதித்தால் தாங்குகிற ஒரே இடம் கடல்தான் என்பதால் காலை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கி நிற்பார். அங்கிருந்து குனிந்து கரையோர ஊர்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். எந்த முனையில் உப்பளம், எந்த வளைவில் கலங்கரை விளக்கம், எந்த ஆறு எங்கே கடலைத் தொடுகிறது என்று அவர் விரலுக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷத்தில் அந்த ஊர்களில் ஒன்றுக்காவது போனாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் நேரில் பார்த்த மாகாணம் என்பது தலைநகரம், ஒரு மணி நேரத் தூரத்தில் மனைவியின் ஊர், பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். "நான் ஒரு வாரம் இல்லைன்னா தூசி ஏறிடும்" என்பார்.

நேரில் பார்க்காத குறையை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. பார்க்க வருகிறவர்களிடம் "எந்த ஊரு நீங்க?" என்று கேட்பார். ஊர் பெயரைச் சொன்னால் போதும், குச்சி அங்கே போய்விடும். "உங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு குளம் இருக்குமே?"

"அதை மூடி பஸ் ஸ்டாண்டு கட்டியாச்சுங்களே."

அவர் பரிதாபமாகச் சிரிப்பார். "ஊருக்குப் போனா நல்லா பாருங்க. இருக்கும்."

பிறகு சரித்திரம். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு சுற்றுப் பெருத்துவிடும். "ஆதியில நம்ம தலைநகரம் இது இல்லை பிள்ளைகளா, பெரிய ஆத்து முகத்துவாரத்துல இருந்தது. உப்பு வாங்க வந்தவன், மரம் வாங்க வந்தவன், சும்மா பார்த்துட்டுப் போறேன்னு வந்து கோட்டை கட்டினவன், எல்லாரும் கடல் வழியாத்தான் வந்தான். அப்புறம் ஆறு மண்ணைக் கொண்டுவந்து துறைமுகத்தை மூடிடுச்சு. ஒரு பெரிய புயல்ல ஆளுநர் மாளிகையோட கூரை பறந்துபோச்சு. மறுநாளே மனுஷன் மூட்டையைக் கட்டிட்டு, கடல் சத்தமே கேட்காத இந்த இடத்துக்குத் தலைநகரத்தை மாத்திட்டாரு. மலைக்காரன் கடல்காரனைப் பார்த்து 'ஈரக்கை'ம்பான். கடல்காரன் வயல்காரனைப் பார்த்து 'சேத்துக்கால்'ம்பான். மூணு பேரும் ஒண்ணா சேர்ந்து தலைநகரத்துக்காரனைத் திட்டுவாங்க. அதுதான் நம்ம மாகாணத்தோட ஒற்றுமை."

கடைசியாக வருவது அவருடைய சொந்தச் சரித்திரம். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடகரையில் பெரும்புயல் அடித்தது. தொலைபேசிக் கம்பி எல்லாம் அறுந்து கிடந்தது. ஆணையரே கூடத்துக்கு இறங்கி வந்து, "மீன்காரத் தெருவுக்கு லாரி எந்த வழியா போகணும்?" என்று இவரைக் கேட்டார். இவர் கடலில் இறங்கி நின்று, குச்சியால் சாலையைக் காட்டினார். லாரிகள் கிளம்பின. "என் குச்சிதான் அன்னைக்கு வழி காட்டுச்சு" என்று முடித்து, குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். ஆசிரியர்கள் கை தட்டச் சொல்வார்கள். பிள்ளைகள் தட்டும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். நீர்ப் பரிசோதனை படித்துவிட்டு வடகரைத் துறைமுகத்து ஆய்வகத்தில் வேலை. ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், சொந்தப் பட்டறை, நல்ல குணம், அம்மா மட்டும்தான். அம்மாவைத் 'தோணிக்காரம்மா' என்று அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கணவர் நோயில் போன பிறகு மோட்டார் தோணியைத் தானே எடுத்து, ஆற்று முகத்துவாரத்தில் ஆட்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் கடத்துகிறவர். மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, கட்டிக்கிட்டா இவரைத்தான். இல்லைன்னா விடுங்க."

நல்ல பையன்தான், ஒத்துக்கொண்டார்கள். அம்மாவும் மகனும் பெண் வீட்டுக்கு வந்தார்கள். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னறையில் நாற்காலி போட்டுச் சாப்பாடு, பேச்சு, சிரிப்பு எல்லாம் நன்றாகவே நடந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? அன்று விடுமுறை நாள், சாவி கையில் இருக்கிறது. "வாங்கம்மா, நம்ம மாகாணத்தைக் காட்டறேன்" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தோணிக்காரம்மா உயரமான ஆள், வெயிலில் கறுத்த முகம், சட்டென்று சிரிக்கிற சுபாவம். கூடத்துக்குள் நுழைந்ததும் வாயைப் பிளந்துவிட்டார். "அடேயப்பா! எவ்வளவு பெருசா படுத்திருக்கு!" என்றார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பைக் கழற்றிக் கடலில் இறங்கி, தெற்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஊராக வந்து, சரித்திரமும் சொல்லி, புயலையும் லாரியையும் குச்சியையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அந்தம்மா முகத்தில் சிரிப்பு நின்றுபோனதை அவர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தார். கணவரின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுக்கப் பார்த்தார். மனிதர் கடலில் நிற்கிறாரே, எட்டவில்லை.

"இதோ, இதுதான் உங்க மீன்காரத் தெரு. கெட்டி மண்ணு. ரெண்டு பக்கமும் வீடு" என்று குச்சியால் தொட்டார். "உங்க வீடு இதுல எதும்மா?"

அந்தம்மா குனிந்து பார்த்தார். பிறகு விரலை நீட்டித் தெருவுக்கு வடக்கே, நீலமாகப் பூசியிருந்த ஆற்றின் நட்டநடுவில் காட்டினார். "என் வீடு இங்க இருக்கு."

"அது ஆறும்மா."

"ஆறு இப்போ நீங்க காட்டினீங்களே, அந்தத் தெருவுல ஓடுது. நான் இருக்கிறது இங்க."

"இருக்காதும்மா. நல்லா யோசிச்சுப் பாருங்க."

"என் வீட்டை நான் யோசிச்சா பார்க்கணும்?"

"கோவிச்சுக்காதீங்க. அந்த இடத்துல வீடு இருக்க வாய்ப்பே இல்லை. முப்பது வருஷமா துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்போ நான் இத்தனை வருஷமா தண்ணிக்குள்ள உட்கார்ந்தா அடுப்பு ஊதிட்டிருக்கேன்?"

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிலைமை கெடுவது அவருக்குத் தெரிந்தது, ஒரு சிரிப்பு சிரித்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். "அப்போ என் பொண்ணை ஆத்துக்குள்ளயா வாழ அனுப்பறது?" என்று கேட்டு, தானே சிரித்தார். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

தோணிக்காரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "டேய் தம்பி, கிளம்பு. இல்லாத வீட்டுக்கு எதுக்குடா மருமகள்?" என்றார். மகளின் தலையை ஒருதரம் தடவிவிட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததை விரிவாகச் சொல்லி அவரை மேலும் கேவலப்படுத்த வேண்டாம். மகள் கத்தவில்லை, அழவில்லை, அடுத்த பஸ்ஸிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அங்கிருந்து அம்மாவிடம் மட்டும் பேசினாள். பையன் அம்மா மனசு நோகக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறான், அந்தம்மா அந்த வீட்டுப் பேச்சே எடுக்காதே என்கிறார். மகள் வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டாள், அது அவர்களுக்கே தெரியும். மனைவி தையல் மெஷினை மிதிக்கிற மிதியிலேயே கோபம் தெரிந்தது.

"அவங்க சொல்றது தப்பு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் இவர்.

"அவங்க வீடு எங்க இருக்குன்னு அவங்களுக்கே சொல்லிக் கொடுத்த ஒரே சம்பந்தி உலகத்துலயே நீங்கதான். போங்க. போய்க் கால்ல விழுந்தாவது சரி பண்ணிட்டு வாங்க. அது வரைக்கும் இந்த வீட்டுல உங்களுக்கு அரைக் கரண்டிதான்."

இருந்ததே ஒரு கரண்டி. கிளம்பிவிட்டார்.

விடிந்ததும் பஸ் ஏறினார். ஜன்னலோர இருக்கை. மாகாணத்தை மேலிருந்தே பார்த்த மனிதர் முதல்முறையாகப் பக்கவாட்டில் பார்த்தார். மலை வரும் வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தவர், "மலை எப்போங்க வரும்?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார். "தாண்டி வந்துட்டோமே, ஒரு மேடு வந்துச்சே" என்றார் அந்த ஆள். இவருக்கு அந்தப் பழைய பொறியாளர் மேல் கோபமே வந்துவிட்டது. மதியம் ஒரு ஊரில் பஸ் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், குளம் இருக்க வேண்டிய இடத்தில், பஸ் ஸ்டாண்டு. பஸ் அதற்குள்ளேதான் நின்றிருந்தது. இறங்கி டீ குடிக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பிடிவாதம் விடவில்லை. குளத்தை மூடலாம், ஆற்றையா தூக்கிப் போட முடியும்? வடகரையில் சாலை இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் எழுந்து நின்றார். "மீன்காரத் தெரு, நிறுத்துங்க."

"அங்க ஒண்ணும் இல்லைங்க. நாம பாலத்துமேல சுத்தி அந்தப் பக்கம்தான் போகணும்" என்றார் கண்டக்டர்.

"எனக்கு வழி தெரியும்."

கண்டக்டர் தோளைக் குலுக்கிவிட்டு விசில் ஊதினார். இவர் பையைத் தூக்கிக்கொண்டு பழைய சாலையில் நடந்தார். வளைவு சரியாக இருந்தது. இடதுபக்கம் உப்பளம், சரி. கலங்கரை விளக்கம், அதுவும் சரி. நடை கொஞ்சம் நிமிர்ந்தது. அப்புறம் சாலை முடிந்தது. முடிந்தது என்றால், தாரோடு அப்படியே சரிந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. எதிரே அகலமாக, பழுப்பாக, அவசரமே இல்லாமல் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில், அவருடைய மாகாணத்தில் ஆறு ஓட வேண்டிய இடத்தில், ஓட்டு வீடுகள், உலர்கிற வலைகள், ஒரு பட்டறை, கத்துகிற கோழிகள். ஒரு வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

வெகுநேரம் நின்றபிறகு கையைத் தூக்கி ஆட்டினார். அக்கரையில் தோணியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த தோணிக்காரம்மா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேசாமல் ஆட்களை ஏற்றி, ஆற்றில் சற்று மேலே இருந்த துறையில் இறக்கி, திரும்பி வந்து, எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றி, தலைமுடியை அவிழ்த்து முடிந்து, அதன்பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். அது வரைக்கும் மனிதர் கைகட்டி நின்றார்.

"என்னங்க, ஆத்துக்குள்ள நிக்க வேண்டியவ எதிர்ல வந்து நிக்கறேனே, கண்ணுக்குத் தெரியறேனா?"

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதுதான் சரி."

"ஏறுங்க" என்றார். அவ்வளவுதான்.

நடு ஆற்றில் எஞ்சினை நிறுத்தினார். தோணி மெல்ல நகர்ந்தது. "குனிஞ்சு பாருங்க. உங்க தெரு இங்கதான் இருக்கு. கெட்டி மண்ணுன்னீங்களே."

அவர் குனிந்து பார்த்தார். பழுப்புத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"புயலன்னைக்கு ஆறு தெருவை அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு. பழைய ஆறு மண்ணு மூடி மேடாயிடுச்சு. நாங்க எல்லாம் அந்த மேட்டுல ஏறி உட்கார்ந்தோம். என் பையன் அப்போ கைக்குழந்தை. ரெண்டு நாள் கழிச்சு, இதோ நீங்க நின்னீங்களே, அதே இடத்துல லாரி வந்து நின்னுச்சு. வரிசையா. சாப்பாடு, போர்வை எல்லாம் இருக்கு. நடுவுல இந்தத் தண்ணி. டிரைவர் கையை ஆட்டினான், நாங்களும் கையை ஆட்டினோம். என்னமோ கல்யாணத்துக்கு வழியனுப்பற மாதிரி ஆட்டிக்கிட்டே நின்னோம். சாயங்காலமா லாரி திரும்பிப் போயிடுச்சு. இந்த வழியை எந்தப் புண்ணியவான் காட்டினான்னு அன்னையிலிருந்து நினைச்சுக்கிட்டே இருந்தேன். உங்க கூடத்துல குச்சியோட பார்த்துட்டேன்."

எத்தனை பிள்ளைகள் அதற்குக் கை தட்டியிருக்கிறார்கள்! வெட்கம் காது வரைக்கும் ஏறியது.

"அதுக்காகவாம்மா அன்னைக்குக் கிளம்பிப் போனீங்க?"

"ச்சே, அது உங்க தப்பா? ராத்திரியோட ராத்திரியா ஆறு மாறினா யாருக்குத் தெரியும்? ஆனா அதுக்கப்புறம் இத்தனை வருஷம் ஆச்சு. உங்கள்ல ஒருத்தராவது வந்து பார்த்தீங்களா? எங்களை ஆத்துக்குள்ள வெச்சே தினமும் துடைச்சிருக்கீங்க. இவன் நாளைக்கு உங்க பொண்ணைக் கட்டினா, உங்க வீட்டுல எல்லாருக்கும் என் வீடு ஒரு தமாஷு. பேரப்பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் காட்டுவீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

அந்தம்மா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "எங்க தெருவுல எல்லாரும் தப்பிச்சாங்க. என் அத்தை மட்டும் வரலை. என் வீட்டுக்காரரைப் பெத்தவங்க. ஒரு கையில குழந்தை, இன்னொரு கையால அவங்களை இழுக்கறேன். 'பெட்டியைப் பூட்டிட்டு வரேன், நீ போடி'ன்னாங்க. இருந்த வரைக்கும் என் சமையல்ல ஒருநாள் உப்பு சரின்னு சொன்னதில்லை, மகராசி. ஆனா நான் இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்." எஞ்சினைக் கிளப்பினார். வீட்டுக்குக் கூட்டிப்போய் வயிறாரச் சாப்பாடு போட்டார். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இவருக்கும் எடுக்க வாய் வரவில்லை.

திரும்பி வந்ததும் நேராகக் கண்காணிப்பாளரிடம் போனார். "சார், வடகரையில ஆறு இடம் மாறியிருக்கு. மாதிரியில திருத்தணும்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆத்தை யார் மாத்தினது? எந்தத் துறை?"

"அதுவா மாறிடுச்சு சார்."

"அதுவா மாற அதுக்கு யார் உத்தரவு கொடுத்தா? மாத்தின துறையிலிருந்து எழுத்து மூலமா வரட்டும். அது வரைக்கும் ஒரு துரும்பைத் தொட்டாலும் உங்க வேலை போயிடும். ஓய்வுபெறப் போற காலத்துல எதுக்கய்யா வம்பு?"

வம்புதான். அவருக்கும் பயம் இருந்தது. ஆனால் அடுத்த விடுமுறை நாளில், மனைவியையும் ஊரிலிருந்து வந்திருந்த மகளையும் கூட்டிக்கொண்டு கூடத்தைத் திறந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தாள். அப்பா பலகையில் குப்புறப் படுத்து, மெல்லிய ரம்பத்தால் மீன்காரத் தெருவை அறுக்கத் தொடங்கியதும் அவளும் கடலில் இறங்கிவிட்டாள். "இவ்வளவு அகலம் இல்லைப்பா, முகத்துவாரம் இங்க குறுகும்" என்றாள். "சரிம்மா, நீயே சொல்லு" என்றார் அவர். அந்தச் சண்டைக்குப் பிறகு மகள் அப்பாவிடம் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான். மனைவி தையல் கடைத் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தார். பழைய ஆற்றை மூடி, மணல் நிறம் பூசி, புதிய ஆற்றை வெட்டி நீலம் பூசி, மேட்டில் வீடுகளை வைத்தார்கள். முடித்தபோது அவருக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது.

மறுநாள் வேலை போகும் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கண்காணிப்பாளர் வந்தார், கூடத்தைக் கடந்து போனார். ஆணையர் விருந்தினர்களோடு வந்து, புது ஆற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் ஆயிற்று. ஒரு பெரிய ஆறு இடம் மாறியது அந்தத் தலைமை அலுவலகத்தில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. வேலை தப்பியதற்குச் சந்தோஷப்பட வேண்டிய மனிதர், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த விடுமுறையில் தோணிக்காரம்மா மகனோடு வந்து இறங்கினார். கூடத்தில் நுழைந்து, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கினார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஆற்றை விரலால் வழித்துக்கொண்டே போய் மேட்டில் நிறுத்தினார்.

"ஆறு சரியா இருக்கு. என் வீட்டைத்தான் ரொம்பச் சின்னதா வெச்சுட்டீங்க."

"எல்லா வீடும் ஒரே அளவும்மா."

"பட்டறையைவிடவா என் வீடு சின்னது? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று நம்மவரின் குரலிலேயே சொல்லிவிட்டுச் சிரித்தார். பையன் சிரித்தான். மகளும் சிரித்தாள், கூடவே அழுதாள். "அழாதேடி. நல்ல நாள் பார்த்து வந்து சேரு. வீடு அங்கதான் இருக்கு, எங்கயும் போகாது" என்றார் அந்தம்மா. பெண்ணின் அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து, தோணிக்காரம்மா நிமிராமலே கேட்டார். "பழைய தெருவை என்ன பண்ணீங்க?"

நம்மவர் தன் பெட்டியைத் திறந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே தையல் கடைப் பஞ்சு. பஞ்சின் மேல் மீன்காரத் தெரு, ஒரு சாண் நீளம், ஒரு வீடு உதிராமல். "தூக்கிப் போட மனசு வரலைம்மா. உடையாம எடுக்கத்தான் அன்னைக்குப் பாதி நாள் ஆச்சு."

அந்தம்மா கைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தெருவை உள்ளங்கையில் வாங்கினார். "இது வலை பின்றவர் வீடு. இது டீக்கடை. இந்த முனையில ஐஸ் கம்பெனி, எப்பவும் வாசல்ல ஈரமா இருக்கும்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒரு கடுகின் மேல் விரல் நின்றது. நகரவில்லை.

பஞ்சை ஒழுங்குபடுத்தி, தெருவை அதில் படுக்க வைத்து, மூடியை மெதுவாக அழுத்தினார். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு கடலிலிருந்து கரை ஏறினார்.

"பெட்டியை நான் பூட்டிட்டேன் அத்தை" என்றார். "வாங்க, வீட்டுக்குப் போகலாம்."